1/24 ஃபோர்டு ஜிடி40 மாதிரிக்கு எட்டுக் குழாய் எக்ஸாஸ்ட்டைக் கையால் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாதிரிக் கார் பெட்டிகளில் வரும் எக்ஸாஸ்ட் (இன்ஜினின் புகையை வெளியேற்றும் குழாய்) பாகங்களில் மூன்று குறைகள் தவறாமல் இருக்கும். குழாயின் நடுவே வார்ப்பு அச்சின் கோடு ஓடும். வால் முனை துளையின்றி மொட்டையாக இருக்கும். அடுத்தடுத்துப் போகும் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக வந்திருக்கும். சாதாரணச் சாலைக் காரில் இவை அடிப்பக்கத்தில் மறைந்துவிடும். இன்ஜின் பின்னால் திறந்து தெரியும் பந்தயக் காரிலோ பார்ப்பவரின் கண் முதலில் போய் நிற்கும் இடமே எக்ஸாஸ்ட்தான். அதனால் இந்த வழிகாட்டிக்கு 1960களின் ஃபோர்டு ஜிடி40 காரின் எட்டுக் குழாய் அமைப்பை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இன்ஜினின் இரு பக்கங்களிலிருந்தும் மேலே எழுந்து, கியர்பாக்ஸின் மீது ஒன்றையொன்று பின்னிக் கடந்து, இரண்டு வால் குழாய்களாகப் பின்புறம் வெளியேறும் இந்த அமைப்பை ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களும் பாம்புக் கட்டு என்றே அழைத்தார்கள். இதைச் செய்யக் கற்றுக்கொண்டவருக்கு வேறு எந்தக் காரின் எக்ஸாஸ்ட்டும் கடினமாகத் தோன்றாது.

எந்தக் குழாய் எங்கே போகிறது

கம்பியைக் கையில் எடுப்பதற்கு முன்பு குழாய்கள் ஏன் அப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். தெரியாமல் செய்தால் எவ்வளவு நேர்த்தியாக வளைத்தாலும் அது வெறும் இடியாப்பச் சிக்கலாகத்தான் தெரியும். ஜிடி40 காரில் இருந்தது வி8 இன்ஜின். முன்னிருந்து பின்னாக எண்ணினால் வலப் பக்கத்தில் 1, 2, 3, 4 என்ற சிலிண்டர்களும் இடப் பக்கத்தில் 5, 6, 7, 8 என்ற சிலிண்டர்களும் உள்ளன. அவற்றுக்குள் எரிபொருள் வெடிக்கும் வரிசை 1-5-4-2-6-3-7-8. இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க் தண்டு 90 பாகை திரும்பும்போதெல்லாம் ஏதாவது ஒரு சிலிண்டர் வெடிக்கிறது. வலப் பக்கத்து நான்கை மட்டும் தனியே பார்த்தால் வெடிப்புகளுக்கு இடையிலான இடைவெளி 180, 90, 180, 270 பாகை என்று ஒழுங்கற்று இருப்பதைக் காணலாம். ஒரு பக்கத்து நான்கு குழாய்களையும் ஒரே வாயில் சேர்த்தால் ஒரு சிலிண்டரின் புகை அழுத்தம் அடுத்ததன் வெளியேற்றத்தைத் தடுக்கும். மேற்கண்ட வரிசையில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் 1, 4, 6, 7 ஒரு கூட்டமாகவும் 5, 2, 3, 8 மற்றொரு கூட்டமாகவும் பிரியும். அப்போது ஒவ்வொரு கூட்டத்துக்கும் சரியாக 180 பாகைக்கு ஒருமுறை அழுத்த அலை வந்துசேர்கிறது.

மாதிரி செய்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது. ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் உள்ள இரண்டு குழாய்கள் ஒரு கலெக்டருக்கும் (நான்கு குழாய்கள் ஒன்றாகும் கூம்பு), நடுவில் உள்ள இரண்டு குழாய்கள் மற்ற கலெக்டருக்கும் போகவேண்டும். அதாவது 1, 4 ஆகிய ஓரக் குழாய்கள் எதிர்ப் பக்கத்தின் 6, 7 ஆகிய நடுக் குழாய்களோடு சேரும்; 5, 8 ஆகியவை 2, 3 ஆகியவற்றோடு சேரும். 1966இல் பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற 7 லிட்டர் மார்க் 2 காருக்கும், 1968, 1969 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்ற 1075 எண் சேஸிஸ் (அடிச்சட்டம்) கொண்ட இளநீலமும் ஆரஞ்சும் பூசிய சிறிய இன்ஜின் காருக்கும் இதே வெடிப்பு வரிசைதான். என் முதல் ஜிடி40 மாதிரியில் இந்த விதி தெரியாமல், பக்கத்துப் பக்கத்துக் குழாய்களையே ஒன்றுசேர்த்து எட்டையும் ஒட்டி வண்ணமும் பூசி முடித்துவிட்டேன். பின்னர் ஒரு நிழற்படத்தை நிதானமாகப் பார்த்தபோதுதான் பிழை புரிந்தது. திருத்த வழியில்லாமல் முழுவதையும் பிடுங்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

எனவே முதல் வேலை, ஒரு தாளில் இன்ஜினை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து, சிலிண்டர்களின் புகை வெளியேறும் எட்டு வாய்களுக்கும் எண்ணிட்டு, இரண்டு கலெக்டர்களுக்கும் இரு வண்ணப் பென்சில்களால் கோடு இழுப்பதாகும். எந்தக் குழாய் எதன் மேலே செல்கிறது, எதன் கீழே நுழைகிறது என்பதை, நீங்கள் செய்யும் அதே காரின் நிழற்படங்களைப் பார்த்து ஒவ்வொரு சந்திப்பிலும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வகைக் காரிலும் ஆண்டுக்கு ஆண்டு குழாயின் ஓட்டம் மாறியிருக்கும் என்பதால், ஒரு காரின் முன்பகுதிப் படத்தையும் வேறொரு காரின் பின்பகுதிப் படத்தையும் கலந்து பயன்படுத்தக் கூடாது.

அளவுகளும் பொருள்களும்

1/24 அளவில் உண்மைக் காரின் 24 மில்லிமீட்டர் நமக்கு 1 மில்லிமீட்டர். பந்தய வி8 இன்ஜின்களின் தனிக் குழாய்கள் பெரும்பாலும் ஒன்றரை அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை வெளிவிட்டம் கொண்டவை. அது நமக்கு 1.6 முதல் 2.1 மில்லிமீட்டர். இந்த அளவுக்கு நான் மிகவும் நம்பும் பொருள் மோட்டார் வைண்டிங் கடைகளில் எடைக்கு விற்கும் எனாமல் பூசிய செம்புக் கம்பி. அங்கே 15 கேஜ் (கம்பித் தடிப்பின் எண்) என்று கேட்டால் 1.83 மில்லிமீட்டர் கம்பி கிடைக்கும். 24ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 44 மில்லிமீட்டர், அதாவது ஒன்றே முக்கால் அங்குலக் குழாய். 16 கேஜ் 1.63 மில்லிமீட்டர், 14 கேஜ் 2.03 மில்லிமீட்டர். வைண்டிங் கம்பி முன்பே பதப்படுத்தப்பட்டு மென்மையாக இருப்பதால் கையால் வளையும். வளைத்த பிறகு சொன்ன இடத்தில் நிற்கும்.

பலரும் பரிந்துரைப்பது பற்றவைப்புக்குப் பயன்படும் ஈயக் கம்பியை. அது செம்பைவிட எளிதாக வளையும் என்பது உண்மைதான். ஆனால் அது மிக மென்மையானது. இடுக்கியின் பல் பட்டாலே பள்ளம் விழும், எட்டாவது குழாயைச் செருகும்போது முதல் குழாய் நகர்ந்திருக்கும். ஒன்றிரண்டு வளைவுகள் மட்டுமே உள்ள சைலன்சர் குழாய்க்கு அது போதும். பாம்புக் கட்டுக்கு நான் அதை எடுப்பதில்லை. எடுப்பவர்கள் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். சாதாரணப் பற்றவைப்புக் கம்பியில் 40 விழுக்காடு ஈயம் இருக்கிறது. அதைத் தேய்த்த தூளைக் குழந்தைகள் புழங்கும் இடத்தில் விடவே கூடாது.

வால் குழாய்க்கு உள்ளே வெற்றிடம் இருக்கவேண்டும் என்பதால் அங்கே கம்பி உதவாது. 1/8 அங்குல வெளிவிட்டமுள்ள பித்தளைக் குழாய் 1/24 அளவில் சரியாக 3 அங்குலக் குழாயாகிவிடுகிறது. அதைவிடச் சிறிய முனைகளுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் புதிய ஊசிகள் அருமையானவை: 14 கேஜ் ஊசியின் வெளிவிட்டம் 2.1 மில்லிமீட்டர், 16 கேஜ் 1.65, 18 கேஜ் 1.27. துருப்பிடிக்காத எஃகு என்பதால் அவற்றை அரத்தால் அறுப்பது கடினம். சிறு மோட்டாரில் பொருத்திய வெட்டுத் தட்டுதான் வேண்டும், பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அந்த வேலையைத் தொடக் கூடாது. கூர்முனையை முதலில் வெட்டி, மூடியுள்ள ஒரு டப்பாவில் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

இவற்றோடு 0.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள ஸ்டைரீன் (பிளாஸ்டிக்) தகடு, பின் வைஸ் (சிறு பிட்டைப் பிடித்துக் கையால் துளையிடும் கருவி), 0.5 முதல் 4 மில்லிமீட்டர் வரையான டிரில் பிட்டுகள், 400, 800, 1500 எண் உப்புத்தாள்கள், எம்-சீல் போன்ற இரு பகுதி எபாக்ஸி, சூப்பர் க்ளூ, நுண்ணளவு எடுக்க ஒரு வெர்னியர் ஆகியவை இருந்தால் போதும்.

எட்டுக்கும் ஒரே நீளம்

உண்மைக் காரில் எட்டுத் தனிக் குழாய்களும் ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்கும்படி செய்யப்பட்டன. நீளம் மாறினால் அழுத்த அலைகள் கலெக்டருக்கு வந்துசேரும் நேரம் மாறிவிடும். கியர்பாக்ஸுக்குத் தொலைவில், முன்னால் இருக்கும் 1, 5 ஆகியவற்றிலிருந்து வரும் குழாய்கள் நேராக ஓடிவரும். அருகிலேயே இருக்கும் 4, 8 ஆகியவற்றின் குழாய்கள் அதே நீளத்தைச் செலவழிக்க வேண்டியிருப்பதால் உயரமாக எழுந்து சுற்றிக்கொண்டு வருகின்றன. பாம்புகள் சுருண்டதுபோன்ற தோற்றத்துக்குக் காரணம் அழகுணர்ச்சி அன்று, இந்த நீளக் கணக்குதான்.

பெட்டியில் வரும் பாகத்தையும் பிறர் செய்த மாதிரிகளையும் பார்த்து வளைவுகளைக் கண்ணால் நகலெடுக்க முயல்வதைவிட, இந்தக் கணக்கையே பின்பற்றுவது மேல். இன்ஜினைப் பசையின்றிச் சேஸிஸில் அமர்த்தி, கலெக்டர் தொடங்கும் இடத்தில் ஒரு களிமண் உருண்டையை வையுங்கள். முன் சிலிண்டரின் வாயிலிருந்து அந்த உருண்டை வரை ஒரு தையல் நூலைப் படத்தில் உள்ள வழியே கிடத்தி அளவெடுங்கள். அதுதான் மிக நீண்ட பாதை. அந்த அளவோடு 4 மில்லிமீட்டர் கூட்டி எட்டுக் கம்பிகளையும் ஒரே நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். பின் சிலிண்டரின் கம்பி மிஞ்சும்போது அதை வெட்டத் தோன்றும். வெட்டாமல் அந்த மிச்சத்தை வளைவுக்குள் செலவழிக்க வழி தேடினால், அந்த வழி நிழற்படத்தில் இருக்கும் வழிக்கு மிக அருகில் வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள்.

வெட்டிய கம்பிகளை ஒரு சமமான கண்ணாடித் துண்டின்மீது வைத்து, மேலே ஒரு தட்டையான மரக்கட்டையால் அழுத்தி உருட்டினால் நேராகிவிடும். பிறகு 800 எண் தாளால் எனாமலைத் தேய்த்து நீக்க வேண்டும். எனாமலின் மேல் பசையும் பிரைமரும் (அடிப்பூச்சு) நீண்ட நாள் பிடிக்காது.

வாய்களும் ஃபிளாஞ்சுகளும்

குழாயின் இரு முனைகளும் உறுதியான பிறகே நடுப்பகுதியை வளைக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும். முதலில் வளைத்துவிட்டுப் பிறகு முனையைப் பொருத்த முயன்றால், ஒவ்வொரு குழாயும் அரை மில்லிமீட்டர் இழுபட்டு, எட்டாவது குழாய்க்கு இடமே இல்லாமல் போகும்.

பெட்டியில் வரும் சிலிண்டர் தலையின் வெளிப்பக்கத்தில் எக்ஸாஸ்ட் வாய்கள் இருக்கும் இடங்களை ஊசியால் குறியிடுங்கள். ஃபோர்டின் 289, 302 கன அங்குல வி8 இன்ஜின்களில் அடுத்தடுத்த சிலிண்டர்களின் மைய இடைவெளி 4.38 அங்குலம், நம் அளவில் 4.6 மில்லிமீட்டர். பெட்டிப் பாகத்தில் இந்த இடைவெளி தவறியிருந்தால் இங்கேயே திருத்திவிடலாம். முதலில் 0.8 பிட், பிறகு 1.2, பிறகு 1.85 என்று மூன்று படிகளாகத் துளைத்து, ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்தோடு நிறுத்துங்கள். ஒரேயடியாகப் பெரிய பிட்டால் துளைத்தால் மென்மையான பிளாஸ்டிக்கில் அது நழுவி மையம் விலகும்.

ஃபிளாஞ்ச் என்பது குழாயைத் தலையோடு இணைக்கும் தட்டு. இதற்குத் தகட்டில் முதலில் துளையிட்டு, பிறகு வெளி வடிவத்தை வெட்ட வேண்டும். வெட்டிய சிறு துண்டில் துளையிட முயன்றால் அது கிழிந்துபோகும் அல்லது விரலில் பிட் ஏறும். 0.5 மில்லிமீட்டர் தகடு உண்மையில் 12 மில்லிமீட்டர் தட்டுக்குச் சமம். 1500 எண் தாளில் சற்றுத் தேய்த்து 0.4 ஆக்கினால் இன்னும் பொருத்தம். போல்ட் தலைகளுக்கு 0.5 மில்லிமீட்டர் அறுகோண ஸ்டைரீன் கம்பியை மெல்லிய வில்லைகளாக அரிந்து ஒட்டலாம். 8 மில்லிமீட்டர் போல்ட்டின் தலை 13 மில்லிமீட்டர் அகலம். நம் அளவில் அது அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். அறுகோணக் கம்பி கிடைக்காவிட்டால் வட்டக் கம்பியே போதும், இந்த அளவில் வேறுபாடு தெரிய உருப்பெருக்கி வேண்டும்.

வளைத்தல்

உண்மையான குழாய்கள் கயிறுபோல் இஷ்டத்துக்கு வளைந்து போவதில்லை. குறிப்பிட்ட ஆரத்தில் வளைத்த துண்டுகளையும் நேர்த் துண்டுகளையும் மாறி மாறிப் பற்றவைத்தே அவற்றைச் செய்தார்கள். ஆகவே நல்ல மாதிரியில் எல்லா வளைவுகளுக்கும் ஒரே ஆரமும், வளைவுகளுக்கு இடையே தெளிவான நேர்ப்பகுதியும் இருக்கும். குழாய் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு மைய ஆரம் என்பது எக்ஸாஸ்ட் வளைவுகளில் பரவலான அளவு. 1.83 மில்லிமீட்டர் கம்பிக்கு அது 2.75 மில்லிமீட்டர், கம்பியின் பாதித் தடிப்பைக் கழித்தால் உட்புற ஆரம் 1.83. அப்படியென்றால் 3.5 முதல் 4 மில்லிமீட்டர் வரையுள்ள டிரில் பிட்டின் வழுவழுப்பான அடித்தண்டைச் சுற்றி வளைத்தால் ஆரம் தானாகவே சரியாக அமைந்துவிடுகிறது. அந்தத் தண்டை ஒரு மரக்கட்டையில் செங்குத்தாக நட்டுவிட்டால் இரண்டு கைகளும் விடுதலையாகும். குறடால் பிடித்து வளைக்க வேண்டிய இடங்களில் அதன் வாயில் மாஸ்கிங் டேப்பைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கம்பியிலும் முதலில் ஃபிளாஞ்சைக் கோத்து, முனையை வாய்க்குள் செருகி, அங்கிருந்து வெளியே வரும் முதல் வளைவை மட்டும் செய்யுங்கள். எட்டுக்கும் முதல் வளைவு முடிந்த பிறகே இரண்டாவது வளைவுக்குச் செல்ல வேண்டும். ஒரு குழாயை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குபவர்களுக்கு, நான்காவது குழாயை எட்டும்போது முதல் குழாய் தவறான இடத்தில் இருப்பது தெரியவரும். சேர்க்கும் வரிசையில் அடியில் செல்பவை முதலில், மேலே கடப்பவை பிறகு. இந்தக் கட்டம் முழுவதிலும் பசையே வேண்டாம். கம்பிகள் வாய்க்குள் உராய்வால் நின்றுகொள்ளும், மறுமுனைகளைக் களிமண் தாங்கும். ஒவ்வொரு குழாயிலும் எண் எழுதிய சிறு டேப் கொடி ஒன்றை ஒட்டிவைத்தால் கழற்றி மாட்டும்போது குழப்பம் வராது.

இரண்டு குழாய்கள் கடக்கும் இடத்தில் அவற்றுக்கிடையே ஒரு தாள் நுழையும் அளவுக்காவது இடைவெளி வேண்டும். உண்மைக் காரில் சூடேறும்போது குழாய்கள் விரியும். ஒன்றோடொன்று உரசினால் பிளந்துவிடும் என்பதால் யாரும் அவற்றை ஒட்டவிடுவதில்லை. நடுப்பகுதியில் ஒளி ஊடுருவிப் போவது தெரிந்தால்தான் அவை எட்டுத் தனிக் குழாய்கள் என்று கண் நம்பும்.

இந்தக் கட்டத்திலேயே பின் உடல் மூடியை ஒருமுறை மூடிப் பார்க்கத் தவறாதீர்கள். பல பெட்டிகளில் அந்த மூடியின் பிளாஸ்டிக் 1 மில்லிமீட்டருக்கு மேல் தடிமனாக இருக்கும். உண்மைக் காரில் சிக்கலின்றி அடங்கும் குழாய் நம் மாதிரியில் முட்டும். குழாயை அமுக்கித் தாழ்த்துவதைவிட, மூடியின் உட்புறத்தை அந்த இடத்தில் சுரண்டி மெலிதாக்குவதே சரி.

பித்தளைக் குழாயையே வளைக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். அதை மங்கலான வெளிச்சத்தில் கருஞ்சிவப்பாகத் தெரியும்வரை சூடாக்கி ஆறவிட்டால் மென்மையாகும். உள்ளே நைசான உப்பை இறுக்கமாக நிரப்பி இரு முனைகளையும் அடைத்துக்கொண்டு வளைத்தால் சப்பையாகாது. பிறகு வெந்நீரில் போட்டால் உப்புக் கரைந்துவிடும். ஆனால் சிறிய ஆரத்தில் அடுத்தடுத்து மூன்று வளைவுகள் உள்ள குழாய்க்கு இது உழைப்புக்கேற்ற பலனைத் தராது. குழாயின் உள்ளே யாரும் பார்க்கப் போவதில்லை.

கலெக்டர்

நான்கு குழாய்கள் ஒன்றாகும் கூம்புதான் கலெக்டர். நான்கு வட்டங்களைச் சதுரமாக அடுக்கினால், அவற்றைச் சுற்றிப் பொதியும் வட்டத்தின் விட்டம் ஒரு வட்டத்தின் விட்டத்தைப் போல 2.41 மடங்கு. 1.83 மில்லிமீட்டருக்கு அது 4.4 மில்லிமீட்டர். எனவே நம் கூம்பு 4.4இல் தொடங்கி, சுமார் 8 மில்லிமீட்டர் நீளத்தில் 3.2 ஆகக் குறைந்து வால் குழாயோடு சேரவேண்டும்.

நான்கு கம்பிகளின் முனைகளையும் ஒரே மட்டத்தில் வெட்டி, சதுரமாகச் சேர்த்து, மெல்லிய செம்பு இழை ஒன்றால் கட்டி, கடைசி 3 மில்லிமீட்டரில் மட்டும் சூப்பர் க்ளூவை ஊசிமுனையால் தொட்டுவிடுங்கள். இந்தச் சமயத்தில் வாய் முனைகள் தலைக்குள் செருகியபடியே இருக்கவேண்டும். பசை பிடித்ததும் நான்கு குழாயையும் ஒரே பாகமாகக் கழற்ற முடிகிறதா என்று மெதுவாக அசைத்துப் பாருங்கள். வாய்த் துளைகள் ஆழம் குறைவாக இருக்கச் சொன்னதன் பயன் இங்கே தெரியும். இரண்டு கூட்டங்களும் பின்னிக் கிடப்பதால் அடியில் இருப்பதைக் கழற்ற, மேலே இருப்பதை முதலில் எடுக்கவேண்டியிருக்கும். எந்த வரிசையில் எடுத்தீர்கள் என்பதை எழுதிவைத்துக்கொண்டால் கடைசியில் அதைத் தலைகீழாகப் பின்பற்றலாம்.

கூம்புக்கு இரு வழிகள் உண்டு. குளிர்பான டின்னின் அலுமினியத் தகடு சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. அதை விசிறி வடிவில் வெட்டிச் சுருட்டிக் கூம்பாக்கலாம். கத்தரித்த விளிம்பு கையைக் கிழிக்கும் என்பதால் முதலில் தேய்த்துவிடுங்கள். நான் செய்வது மற்ற வழி. ஒரு மெல்லிய பித்தளைக் கம்பியைக் கட்டின் நடுவே இருக்கும் சந்தில் செருகி ஒட்டி, அதன் மறுமுனையில் வால் குழாயைக் கோத்து, இடைப்பட்ட இடத்தில் எபாக்ஸியைப் பிசைந்து அப்புகிறேன். விரலைத் தண்ணீரில் தொட்டுக்கொண்டு தடவினால் எபாக்ஸி விரலோடு வராது. கம்பிகளுக்கு இடையே உள்ள நான்கு பள்ளங்களும் கூம்பின் தொடக்கத்தில் மெல்ல மறையும்படி, ஒரு பல்குத்தும் குச்சியின் முனையால் உள்நோக்கி இழுத்துவிடுங்கள். உண்மைக் கலெக்டரில் நான்கு குழாய்களும் கூம்புக்குள் நுழையும் இடத்தில் மேடு பள்ளமாகத் தெரியும் அந்த வடிவம் இந்த ஒரு செயலால் வந்துவிடுகிறது. முழுவதும் இறுக ஒரு நாள் விட்டு, உப்புத்தாளை ஒரு பட்டையாக வெட்டிக் கூம்பைச் சுற்றிப்போட்டு, காலணிக்குப் பாலிஷ் போடுவதுபோல இருபுறமும் மாற்றி மாற்றி இழுத்துத் தேய்த்தால் வட்டம் கெடாது.

வால் முனை

முழு வேலையிலும் மிகக் குறைந்த நேரத்தில் மிகப் பெரிய மாற்றத்தைத் தருவது வால் முனையின் விளிம்புதான். உண்மைக் குழாயின் சுவர் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். 1/24 அளவில் அது 0.06 மில்லிமீட்டர், ஒரு தாளைவிட மெல்லியது. கடையில் வாங்கும் பித்தளைக் குழாயின் சுவர் சுமார் 0.36 மில்லிமீட்டர்; அதைப் பெரிதாக்கினால் எட்டரை மில்லிமீட்டர் தடித்த தண்ணீர்க் குழாயாகிவிடும். முழுக் குழாயையும் மெலிதாக்கத் தேவையில்லை. பார்ப்பவர் கண்ணில் படுவது விளிம்பு மட்டுமே என்பதால் உட்புற ஓரத்தை மட்டும் சரிவாகச் சீவினால் போதும்.

குழாயை இடக் கையில் செங்குத்தாகப் பிடித்து, கூர்மையான கத்தியின் முனையை வாய்க்குள் இறக்கி, அலகு உட்சுவரில் சாய்ந்து பதியும்படி வைத்துக்கொண்டு, கத்தியை அசைக்காமல் குழாயை மட்டும் விரல்களால் உருட்டுங்கள். முதல் சில சுற்றுகளில் கரகரவென்று ஒலி எழும். பித்தளைத் தூள் மினுமினுப்பாக உள்ளே விழும். ஒலி மெல்லக் குறைந்து கத்தி வழுக்கத் தொடங்கும்போது ஓரத்தில் வெள்ளை முடிபோல ஒரு கோடு ஒளிரும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் இரண்டு சுற்றுப் போனால் விளிம்பு அலைஅலையாகக் கிழியும். பிறகு 1500 எண் தாளைத் தரையில் விரித்து முனையை ஒருமுறை வட்டமாகத் தேய்த்துப் பிசிறை எடுங்கள்.

வேறு கார்களில் பெட்டியின் பிளாஸ்டிக் முனையையே பயன்படுத்தலாம் என்றால் மையத்தை ஊசியால் குத்தி, 0.5 பிட்டில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்கி, கடைசியில் மேற்சொன்னபடி கத்தியால் சீவுங்கள். 3 மில்லிமீட்டர் ஆழம் போனால் போதும். அதற்கு மேல் இருட்டுத்தான்.

பற்று வரிகளும் பட்டைகளும்

வளைவும் நேர்ப்பகுதியும் சேரும் இடங்களில் உண்மைக் குழாயில் பற்றவைத்த வரி ஒரு வளையமாகத் தெரியும். பல இழை மின்கம்பியைப் பிரித்தால் சுமார் 0.2 மில்லிமீட்டர் இழை கிடைக்கும். அதை ஒரே ஒரு சுற்றுச் சுற்றி, சந்து கீழ்ப்பக்கம் வரும்படி வெட்டி, மெல்லிய பசையைத் தொட்டு, காய்ந்ததும் பாதி உயரத்துக்குத் தேய்த்துவிடுங்கள். தேய்க்காமல் விட்டால் வெல்டு வரி மோதிரம் போல் எடுப்பாகத் தெரியும். எல்லா இணைப்பிலும் போடவேண்டியதில்லை. மேலே தெரியும் வளைவுகளில் எட்டுப் பத்து இடங்கள் போதும் என்பது என் கருத்து. வால் குழாயைத் தாங்கும் பட்டைகளுக்கு அலுமினிய ஒட்டுநாடாவை அரை மில்லிமீட்டர் அகலத்தில் அரிந்து சுற்றி, சந்தில் ஒரு போல்ட் தலையை வைக்கலாம்.

வண்ணம்

எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தி, வாய்க்குள் போகும் முனைகளை டேப்பால் மூடி, இரண்டு கூட்டங்களையும் தனித்தனியே பூசுங்கள். பிரைமருக்கு மேல் பளபளப்பான கறுப்பு, அது ஒரு நாள் உலர்ந்த பிறகு ஏர்பிரஷால் மெல்லிய எஃகு வண்ணம். இதுவரை சிரமம் ஒன்றுமில்லை. பிழை நேர்வது சூட்டு நிறங்களில்.

எஃகு சூடேறும்போது அதன் மேற்பரப்பு முதலில் வைக்கோல் மஞ்சளாகவும், பிறகு பழுப்பாகவும், பிறகு ஊதாவாகவும், அதற்கும் மேல் நீலமாகவும், இறுதியில் மங்கிய சாம்பலாகவும் மாறும். சாதாரண எஃகில் மஞ்சள் சுமார் 230 பாகை செல்சியஸில் தோன்றும். நீலம் 300 பாகையை ஒட்டி வரும். அதிக வெப்பம் இன்ஜினின் வாயருகே. ஆகவே வாயிலிருந்து சற்றுத் தூரம் சாம்பல், அதன்பின் நீலம், ஊதா, பழுப்பு, கடைசியில் கலெக்டரை நோக்கி மஞ்சள் என்பதே சரியான ஓட்டம். இதைத் தலைகீழாகப் பூசிய மாதிரிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எவ்வளவு நுணுக்கமாகச் செய்திருந்தாலும் கண்ணுக்குள் ஏதோ உறுத்திக்கொண்டே இருக்கும். ஊடுருவித் தெரியும் நீலம், சிவப்பு, மஞ்சள் வண்ணங்களை மிகவும் நீர்த்துப்போகச் செய்து, ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் பாதி படரும்படி தூவுங்கள். நிறம் தெரியத் தொடங்கியவுடன் நிறுத்துங்கள். 24 மணி நேரம் ஓடி முடித்த காரின் குழாய் வானவில்லாக மின்னாது. அதன் மேல் எண்ணெயும் தூசியும் எரிந்த பழுப்பும் படிந்திருக்கும். பந்தயம் முடிந்த காரைச் செய்பவர்கள், கடைசியாக மங்கலான பழுப்பு நிறத்தை ஒரு மெல்லிய பூச்சாகக் கொடுத்து, முந்தைய நிறங்களைப் பாதிக்குப் பாதி அடக்கிவிட வேண்டும்.

பூச்சு இரண்டு நாள் இறுகிய பிறகு, எழுதிவைத்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றி முதலில் அடிக்கூட்டத்தையும் பிறகு மேற்கூட்டத்தையும் வாய்களில் செருகி, ஃபிளாஞ்சுகளைத் தலையை ஒட்டித் தள்ளுங்கள். இங்கே சூப்பர் க்ளூவைப் பயன்படுத்தினால் அதன் ஆவி உலோக வண்ணத்தின் மேல் வெண்படலமாகப் படியும். மெதுவாக இறுகும் எபாக்ஸிப் பசையை ஊசிமுனையளவு வைப்பதே பாதுகாப்பு.

எஞ்சியிருப்பது வால் குழாயின் உட்புறம். இன்றைய கார்களைப் பார்த்துப் பழகியவர்கள் அங்கே மைக்கறுப்பைப் பூசுவார்கள். ஜிடி40 ஓடிய நாள்களில் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. நன்றாக ஓடிய இன்ஜினின் வால் குழாய் உள்ளே வெளிர் சாம்பலாகப் படிந்திருக்கும். ஆழத்தில் மட்டும் கறுப்பைவிட்டு, வாயிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை ஒளிராத சாம்பல் நிறத்தை வறண்ட தூரிகையால் தொட்டுவையுங்கள். நீங்கள் சீவிய மெல்லிய விளிம்பின் மேல் வண்ணம் ஏறியிருந்தால், ஒரு பல்குத்தும் குச்சியால் அதை மட்டும் துடைத்து எஃகு நிறத்தை வெளியே தெரியவிட்டு, பின் மூடியை இறக்குங்கள்.